கிச்சாப்பைப் பார்த்துக்கொள்ள வந்தவள்

ஜூடித் பூட்டைத் திறந்து இரும்புக் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, நாய்க்கு வைத்திருந்த தண்ணீர்ச் சட்டியில் ஐஸ் கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன.

உச்சி வெயில். சிமெண்டுத் தரையின் சூடு செருப்பைத் தாண்டிக் காலைச் சுட்டது. வீட்டுக்காரர்கள் பொழுது விடியுமுன்பே விமான நிலையத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அவள் குனிந்து சட்டிக்குள் விரலை விட்டாள். பல் கூசுகிற குளிர்ச்சி. ஐஸ் கட்டிகளின் முனைகள்கூட இன்னும் கரையத் தொடங்கவில்லை.

"கிச்சாப்," என்று கூப்பிட்டாள்.

மலாயில் கிச்சாப் என்றால் சோயா சாறு; அதைப் போலக் கன்னங்கரேலென்று இருந்ததால் பிள்ளைகள் அந்த நாய்க்கு அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். மோவாய் நரைத்த கிழட்டு நாய். முந்தின வாரம் அறிமுகத்துக்கு வந்திருந்தபோது அவள் மடியில் முகத்தை வைத்து எச்சில் வடித்தது. இப்போது படியில் படுத்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி அவளைப் பார்த்தது. பிறகு, ஏதோ வேலையின் நடுவில் வந்து தொந்தரவு செய்துவிட்டதைப்போல, முகத்தை வீட்டுப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டது.

அவள் வீட்டுக்காரி பிரமிளாவுக்குப் போன் செய்தாள். பின்னால் விமான நிலைய அறிவிப்புகளும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"தண்ணியில ஐஸ் போட்டுட்டுப் போனீங்களா?"

"போட்டோம் அக்கா, ஆனா விடியறதுக்கு முன்னாடிலா. இந்நேரம் வெந்நியாயிருக்குமே?"

"பக்கத்துல யாரும் சாவி வச்சிருக்காங்களா?"

"பக்கத்துல யாருமே இல்லையே. எல்லாரும் ஸ்கூல் சூத்திக்கு ஊருக்குப் போயிட்டாங்க, லீவு முடிஞ்சாத்தான் வருவாங்க. அக்கா, வெயில்ல அத நடக்க வச்சிராதீங்க, தார்ல பாதம் வெந்துரும். மத்தியானம் உள்ளயே வைங்க. தனியா விட்டா ஏங்கிப்போயிரும், அதான் உங்கள வரச் சொன்னேன். சரி அக்கா, ப்ளேன் ஏறப் போறோம். போட்டோ அனுப்புங்க."

விடுமுறை வந்துவிட்டால் ஜூடித்துக்கு இதுதான் வேலை. ஈப்போவில் அவள் இருந்த பல் மருத்துவ கிளினிக் மூடப்பட்ட பிறகு, ஊருக்குப் போகிறவர்களின் நாய்க்கும் பூனைக்கும் துணையாக அவர்கள் வீட்டிலேயே வந்து தங்கத் தொடங்கினாள். கணவர் கீத் இறந்துவிட்டார். மகன் கோலின் மெல்பர்னில். அவளுடைய அடுக்குமாடி வீட்டில் பிராணிகள் வளர்க்க அனுமதி இல்லை. ஆகவே அடுத்தவர் வீட்டு நாய்கள்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. விடுமுறை முடிந்து வீட்டுக்காரர்கள் திரும்பும் நாளில், அந்த நாய்கள் அவளைத் தாண்டிக்கொண்டு கேட்டுக்கு ஓடும். அவள் பையை எடுத்துக்கொண்டு ஓரமாகக் கிளம்பிவிடுவாள்.

இந்தத் தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு, புதியது. பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டியது. பாதி வீடுகள் விலை போகாமல் கிடந்தன; மீதி வீடுகளில் சன்னல்கள் அடைத்திருந்தன. பிரமிளாவின் வீடு கடைசி வரிசையில் கடைசி. பின்வாசலைத் திறந்தால் துணி காயப்போடும் ஒரு துண்டு இடம், அதன் எல்லையில் கம்பி வேலி, அதற்கு அப்பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள். பால் எடுக்க ஆளில்லாத அந்த மரங்கள் கோடு கோடாக நின்றன.

சாயங்காலம் நாய்க்குச் சோறு வைத்தாள். அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், திம்மென்று நிறைந்திருந்தது. தொட்ட கையை மூக்கருகே கொண்டுபோனபோது ஒரு புளித்த வாடை அடித்தது. ரப்பர்ப் பால் கட்டிப்போய் நாள்பட்டால் வருகிற, ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் சோப்புப் போட்டாலும் போகாத வாடை. சின்ன வயதில் அம்மா வேலை முடிந்து வரும்போது இந்த வாடையோடுதான் வருவார். ஆனால் இங்கே பால் வெட்டி இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில், தூரத்துப் பள்ளிவாசலின் பாங்கோசை ஓய்ந்து, மின்விசிறியின் கரகரப்பு மட்டும் வீடெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தபோது, அவள் சமையலறை மேசையருகே உட்கார்ந்து கோலினுக்கு எழுதிய செய்தியை அவன் படித்துவிட்டதற்கான நீல அடையாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வாசல் கம்பிக்கதவுக்கு முன்னால் கிச்சாப் உட்கார்ந்திருந்தது. அதன் வால் தரையை மெல்லப் பெருக்கியது. பிறகு அதன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்கள் சொக்கின. வலது காது மடங்கித் தலையோடு ஒட்டிக்கொண்டது, விடுபட்டது, மறுபடியும் மடங்கியது. கழுத்து ரோமம் நடுவில் பிரிந்து, விரல்கள் கோதிக்கொண்டு போவதைப்போல, முதுகுவரைக்கும் கோடு விழுந்தது.

காற்று இல்லை.

"கிச்சாப், இங்க வா."

அது வரவில்லை. கம்பிக்கதவுக்கு வெளியே யாரோ நாக்கை மேலண்ணத்தில் தட்டியதைப்போல ஒரு சத்தம். ச்சு. ச்சு.

ஜூடித் எழுந்து ஓடிப்போய் மரக்கதவையும் சாத்தித் தாழிட்டாள். பல்லியாக இருக்கும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். அன்றிரவு செபம் சொல்லும்போது இரண்டு முறை வரிகள் மறந்துபோயின.

மறுநாள் காலையில் தாமான் முனையிலிருந்த கடைக்கு நடந்தாள். ஒரு மனிதக் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது. கடை சன்னாசியுடையது. தகரக் கூரை, மூன்று மேசை, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள். சன்னாசி எழுபதைத் தொட்டவர். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவள் தேத்தண்ணீரைக் குடித்தபடி, பேச்சோடு பேச்சாக, பின்பக்கக் காட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"யாரு இருக்கா? தோட்டத்த வித்ததும் கம்பெனிக்காரன் எல்லாரையும் லோரியில ஏத்தி ப்ளாட்டுக்குக் கொண்டுபோயிட்டான். ப்ளாட்டுல நாய் கூடாதுன்னுட்டான். லயத்து வீட்டு நாய்ங்க பூரா லோரி பின்னாடியே ஓடியாந்துச்சிங்க. மெயின்ரோடு வரைக்கும். நாங்க திரும்பிப் பாக்கலலா. பாக்க முடியல."

"அப்புறம் அதுங்க என்ன ஆச்சு, அண்ணே?"

சன்னாசி துணியால் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"நல்லம்மாள்னு ஒரு பொம்பள. பிள்ளகுட்டி கெடையாது. நாய்ங்கள யாரு பாக்குறதுன்னு லோரியில ஏறமாட்டேன்னுருச்சி. தண்ணியக் கட் பண்ணான், கரண்ட்டக் கட் பண்ணான். அப்பவும் வரல. அஞ்சாறு மாசம் கழிச்சி லயத்த இடிக்க வந்தானுங்க. அந்தம்மாவக் காணோம். ஒரு எலும்பு கெடையாது, ஒரு துணி கெடையாது. நாய்ங்க மட்டும் வாசல்ல உக்காந்திருந்துச்சிங்களாம். ஒண்ணுகூட மெலியல. எல்லாம் கொழுகொழுன்னு, குளிச்சி தல சீவுன பிள்ளைங்க மாதிரி."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பயந்துக்காதீங்க. பழைய கத," என்றார். "மறுபடி கடைக்கு வரணும்னா கித்தாக் காட்டுக்குள்ளயே, அந்த ரப்பர் மரத்துக்கு நடுவுலயே நேரா வந்திரலாம், வெயிலு தெரியாது." சொன்ன பிறகு என்ன நினைத்தாரோ, "வேணாம், ரோட்டுலயே வாங்க," என்றார்.

மத்தியானம் வெயில் வெளியே வெள்ளையாக நின்றது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூடத்தின் குளிர்ந்த தரையில் கிச்சாப் படுத்திருந்தது. பக்கத்தில் அவளும் படுத்தாள். "உனக்காவது அவங்க வந்துருவாங்க," என்று அதனிடம் சொன்னாள். கொஞ்சம் அழுதாள். அழுதபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முகத்தில் காற்று. சுவரோரமாக வைத்திருந்த மேசை விசிறி இப்போது அவள் தலைமாட்டில் இருந்தது. தலைக்கு அடியில் தலையணை. அவள் தலையணை எடுத்து வரவில்லை.

கழுத்தில் ஈரம். தடவினாள். எப்போதும் இறுக்கிக் கொண்டை போட்டிருக்கும் அவள் கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. சிக்கில்லாமல். நடுவகிடு எடுத்து, தண்ணீர் தொட்டு, வாரி விடப்பட்டிருந்தது. நுனியை முகர்ந்தாள். புளித்த பால்.

சமையலறையில் நக்கும் சத்தம் கேட்டது.

தரையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் கிச்சாப் தின்றுகொண்டிருந்தது. அடுத்தது பிரமிளாவின் பீங்கான் தட்டு. சோற்றில் மீனை முள் எடுத்துப் பிசைந்து வைத்திருந்தது. ஆவி பறந்தது. வீட்டில் மீன் இல்லை. அடுப்பு குளிர்ந்துகிடந்தது. பின்கதவு, அவள் தாழிட்ட கதவு, மரக்கதவும் கம்பிக்கதவுமாக விரியத் திறந்திருந்தது.

கோலினை அழைத்தாள். எடுக்கமாட்டான் என்று தெரிந்தும் அழைத்தாள். எடுத்துவிட்டான்.

"கோலின், அம்மா பேசுறேன்டா. இங்க என்னமோ சரியில்ல. எனக்கு பயமா..."

"எழுந்திட்டீங்களா? நான் அப்பவே கால் பண்ணேனே. தூங்குறீங்கன்னாங்க."

"யாரு?"

"போன் எடுத்தாங்களே, ஒரு அம்மா. வயசானவங்க. நல்லா பேசுனாங்க. நேத்தெல்லாம் சரியாச் சாப்பிடல, இப்பத்தான் அழுது ஓஞ்சி தூங்குதுன்னாங்க. நீ கவலப்படாத தம்பி, இனிமே நான் பாத்துக்கிறேன்னாங்க." அவன் குரலில் ஒரு பாரம் இறங்கிய தெளிவு இருந்தது. "எனக்கும் நிம்மதியாப் போச்சும்மா. தனியா இருக்கீங்களேன்னு இருந்துச்சி. சரிம்மா, வேலையில இருக்கேன். அப்புறம் பேசுறேன்."

"கோலின், வைக்காத! வைக்காதடா..."

வைத்துவிட்டான்.

கைப்பையைத் தரையில் கொட்டினாள். பணப்பை இருந்தது. செபமாலை இருந்தது. கேட்டுச் சாவி இல்லை. வாசலுக்கு ஓடினாள். பூட்டு தொங்கியது. இழுத்தாள். கத்தினாள். வரிசை வரிசையாக அடைத்த சன்னல்கள். அவள் குரல் அவற்றில் பட்டுத் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுச் சுவர் நெஞ்சளவு உயரம். ஏறிவிடலாம். பூந்தொட்டியின் மேல் காலை ஊன்றி, ஒரு முழங்காலைச் சுவரில் வைத்தும்விட்டாள். அப்போது உள்ளேயிருந்து கிச்சாப் ஒருமுறை முனகியது.

லோரிக்குப் பின்னால் ஓடிய நாய்கள் நினைவுக்கு வந்தன. திரும்பிப் பார்க்காதவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அவள் இறங்கினாள். ஆண்டவரே, ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போய் நாயைக் கட்டும் கயிற்றை எடுத்தாள்.

கிச்சாப் பின்வாசலைத் தாண்டியிருந்தது. கம்பி வேலியில் ஓரிடம் பிரிந்திருந்தது. அதன் வழியாக நுழைந்து மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது, வாலை ஆட்டியபடி.

"கிச்சாப்! நில்லு!"

அவளும் குனிந்து நுழைந்தாள். அந்தப் பக்கம் நேரே போனால் சன்னாசி கடை. நாயைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம். ஓடிவிடலாம்.

உள்ளே குளிர்ந்திருந்தது. இலைகளுக்கு நடுவே மிச்ச வெளிச்சம். புளித்த வாடை. ஒவ்வொரு மரத்தின் அடியிலும் மண் தோண்டியிருந்தது. வெயில் தாங்காத நாய்கள் படுக்கப் பறிக்கும் பள்ளங்கள். உடம்பு அழுந்தி அழுந்தி வழவழப்பானவை. நாய் எதுவும் இல்லை. பல வாரமாக மழை இல்லை. ஆனாலும் எல்லாப் பள்ளமும் ஈரமாக இருந்தது. யாரோ தண்ணீர் தெளித்திருந்தார்கள். இப்போதுதான்.

கிச்சாப் ஒரு பள்ளத்தில் இறங்கியது. சுற்றியது. பெருமூச்சு விட்டுப் படுத்தது.

அதற்குப் பக்கத்துப் பள்ளம் புதியது. நீளமானது. ஓர் ஆள் நீளம். தலைமாட்டில் ஒரு தலையணை. அவள் சற்றுமுன் கூடத்தில் விட்டு வந்தது. அவள் தலை அழுந்திய குழிகூட அதில் அப்படியே இருந்தது.

ச்சு. ச்சு.

முதுகுக்குப் பின்னால்.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஈரமான ஒரு கை அவள் தலையில் வந்து படிந்தது. அவசரமில்லாத கை. காதுக்குப் பின்னால் மெல்லச் சொறிந்தது. கூந்தலைக் கோதியது. எத்தனையோ காலமாக அவளை யாரும் அப்படித் தொட்டதில்லை. பிறகு அது உச்சந்தலைக்கு வந்தது. அமுக்கியது. அன்பாக. விடாமல்.

முழங்கால்கள் மடங்கின.

சுற்றிலும், வெறுமையாகக் கிடந்த அத்தனை பள்ளங்களிலிருந்தும், சந்தோஷமாக, வால்கள் ஈரமண்ணில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கத் தொடங்கியது.