காப்பி ஆறிப்போச்சு

தொண்டையைத் திறந்து வைத்துக்கொண்டே நோயாளியைப் பேசச் சொல்கிற ஆபரேஷன் அது. செயலிழந்த குரல்நாணைத் தள்ளிப் பிடிக்க ஒரு சிறு துண்டைச் செருகி, குரல் சரியாக வரும்வரை டாக்டர் அதை நகர்த்திப் பார்ப்பார்.

"வீட்ல பேசற மாதிரி ஏதாவது பேசுங்கம்மா."

மார்லிஸ் ஒன்று, இரண்டு என்று எண்ணத்தான் நினைத்தாள். "காப்பி ஆறிப்போச்சு" என்று வந்தது. தகரத்தில் ஆணி இழுத்தாற்போன்ற குரல். போன வருஷம் செத்துப்போன மாமியார் போர்கில்டின் குரல். சாகிறவரை தினமும் அவளைக் குத்திய அதே வார்த்தை.

"அருமை, இப்படியே இருக்கட்டும்" என்று டாக்டர் தைத்துவிட்டார். பாவி மனுஷன், இது உங்கள் குரல்தானா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது. இன்று ராத்திரி ஒருவர் கூடவே இருக்க வேண்டும், உள்ளே வீங்கினால் மூச்சு அடைத்துவிடும் என்று நர்ஸ் சொன்னதற்கெல்லாம் அவள் கணவன் டுவெய்ன் மண்டையை மண்டையை ஆட்டினான். வீட்டுக்கு வந்ததும் தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். மினசோட்டா ஜனவரி, ஏரி பாறையாக உறைந்து கிடந்தது; ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.

"ஒரு வாரம் உன் வாய் மூடியிருக்கும். அம்மா இருந்திருந்தா கேக் வெட்டியிருப்பா" என்றான். "ஏரி மேல மீன் பிடிக்கிற கொட்டகையிலதான் இருப்பேன். ஏதாவதுன்னா வாசல் லைட்டப் போட்டுப் போட்டு அணை. சும்மா கூப்பிட்டே, அப்புறம் இருக்கு."

அவன் போனபின் நிலவறையில் ஹீட்டர் முனகி நிற்பதும், கூரை விளிம்பில் பனிக்கட்டி விரிசல் விடுவதும் கேட்டன; கழுத்துக் கட்டின் மருந்து நெடிக்கு அடியில், அடுப்பே பற்றவைக்காத வீட்டில், பழைய காப்பியின் கசந்த வாசம் மெல்ல ஏறிக்கொண்டு வந்தது.

கட்டு இறுகியது. தொட்டுப் பார்த்தாள். வீக்கம். மூச்சு உள்ளே போகும்போது சீழ்க்கை அடித்தது.

வாசல் விளக்கைப் போட்டாள். அணைத்தாள். போட்டாள். பிறகு மருத்துவமனை எண்ணை அழுத்தினாள்.

"சொல்லுங்க மார்லிஸ்" என்றாள் நர்ஸ். "மூச்சுத் திணறுதா? ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா?"

அனுப்புங்கள். சாகிறேன். அனுப்புங்கள்.

"ஒண்ணும் இல்லம்மா, சௌக்கியமா இருக்கேன்" என்றது அவள் வாய்.

"அட, குரல் அதுக்குள்ள எவ்வளவு தெளிவா இருக்கு. ஆனா இப்பப் பேசக் கூடாது."

"பேசி ரொம்ப நாளாச்சும்மா, அதான்" என்று சொல்லி, அவள் கையே போனை வைத்தது.

மூச்சு நூலாக இழுத்தது. பூட்ஸ் சத்தம். கதவு. டுவெய்ன். கடவுளே, வந்துவிட்டான்.

"எதுக்குடி கூப்ட்ட?" என்று கத்திக்கொண்டே நுழைந்தான்.

"கதவைச் சாத்துடா. குளிருது."

அவன் அப்படியே நின்றான். முகம் சின்னப் பையனுடையதாகிவிட்டது.

"அம்மா?"

"காப்பி ஆறிப்போச்சு."

"இதோம்மா." கதவைச் சாத்தினான். தொப்பியைக் கழற்றினான். அடுப்பைப் பற்றவைத்து, முதுகைக் காட்டியபடி தண்ணீர் கொதிக்கக் காத்து நின்றான். அவனுக்குப் பின்னால் மார்லிஸின் நீலம் பாய்ந்த விரல்கள் கழுத்துக் கட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தன. அவள் வாய் மட்டும் நிதானமாக, சர்க்கரை எத்தனை கரண்டி என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.