நாற்காலியோடு சேர்த்து

அந்தப் பெண்மணி எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. லவெர்ன் முதலில் கவனித்தது அதைத்தான். வாசலில் பழைய சாமான் விற்கும்போது வருகிறவர்கள் தட்டைக் கவிழ்த்து அடியில் பார்ப்பார்கள், டப்பாவின் மூடியைத் திருகுவார்கள், போர்வையை முகர்வார்கள். தொடாமல் வாங்கிப் போன ஒருத்தரை அவள் இத்தனை வருஷத்தில் கண்டதில்லை. இவளோ, மேசைகளை இன்னும் விரித்து முடிக்காத அந்த விடிகாலையில், புல்லில் பனி உலரும் முன்பே, சாம்பல் நிறக் கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு வண்டிப்பாதையின் நடுவில் நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வந்த வண்டியின் சத்தம் கேட்கவில்லை. அவள் பக்கமிருந்து, மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த நிலவறையின் வாடை வந்தது.

கடை திறக்கும் முன்பே வந்து மொய்க்கிறவர்கள் இண்டியானா மாநிலத்தில் எந்த ஊரிலும் உண்டு. லவெர்ன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. இந்தச் சனிக்கிழமைக்குள் வீடு காலியாக வேண்டும்; திங்கட்கிழமை சாவியைக் கொடுத்துவிட்டு அவளும் கணவர் டெல்பர்ட்டும் மகளின் சின்ன ஃப்ளாட்டுக்குக் குடிபோகிறார்கள். சாமானெல்லாம் போகிறதே என்று அவள் ஒருநாள் கண்கலங்கியபோது, "நீ கூட வந்தா போதும், எனக்கு ஒரு ஸ்பூன்கூட வேண்டாம்" என்று டெல்பர்ட் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் ஒவ்வொரு பொருளுக்கும் விலைச்சீட்டு ஒட்டினாள்.

டெல்பர்ட் கார் ஷெட்டின் வாசலில் தன் பச்சைச் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, காப்பி குடித்தபடி வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. உதவிக்கு வந்த பக்கத்து வீட்டு கோலீன் கேக் மாவு கலக்கும் மிக்சரைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"அதைத் தொடாதே கோலீன். சுத்த விட்டா புகையும்."

"டெல், வாயை மூடிட்டுக் காப்பியைக் குடி," என்றாள் லவெர்ன்.

"ஏன், போன கிறிஸ்துமஸ் கேக்கை மறந்துட்டியா? தீயணைப்பு வண்டியையே கூப்பிட இருந்தோமே!"

கோட்டுக்காரப் பெண்மணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அந்த நாற்காலி என்ன விலை?"

"இருபது டாலர்," என்றாள் லவெர்ன். எரிச்சல் இன்னும் தீரவில்லை. "அதுல உக்காந்திருக்கிற ஆளையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போறதா இருந்தா இருபத்தஞ்சு சென்ட்டுக்கே விட்டுடறேன்."

இந்த ஊரில் வாசலில் கடை போட்ட எந்த மனைவியும் சொல்லாமல் விட்டதில்லை இந்த வேடிக்கையை. கோலீன் தன் புருஷனைப் போன கோடையில் ஒரு பெட்டிப் பழைய சாடிகளோடு இலவசமாகவே கொடுத்தாள். கேட்கிறவர் சிரிக்க வேண்டும். "எங்க வீட்லயே ஒண்ணு சும்மா கிடக்கு" என்று பதிலுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

இவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து கையை எடுத்து ஒரு இருபத்தைந்து சென்ட் காசை நீட்டினாள்.

"சரி. சாயங்காலம் வண்டி கொண்டாறேன். வித்தாச்சுன்னு சீட்டு ஒட்டி வைங்க."

டெல்பர்ட்டுக்கு ஒரே குஷி. "கொடு, கொடு, நானே ஒட்டிக்கறேன். இந்த வயசுல எனக்கும் ஒரு கிராக்கி வந்திருக்கு பாரு!" லவெர்ன் சிரித்துக்கொண்டே காகித டேப்பில் 'விற்றாயிற்று' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டை மார்பில் ஒட்டி, இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். காசு அவள் உள்ளங்கையில் ஈரமாக இருந்தது. கவுனில் துடைத்தாள். பிறகும் ஈரமாகவே இருந்தது.

வெயில் ஏற ஏறக் கூட்டம் வந்தது. முதலில் வந்தவர்கள் டெல்பர்ட்டின் சட்டையைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் வந்தவர்கள் சிரிக்கவில்லை. தொப்பி போட்ட ஒருவர் நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பார்த்தார், அதே கையால் டெல்பர்ட்டின் முழங்காலையும் அழுத்திப் பார்த்தார். "நல்ல உறுதியான சாமான். முந்திக்கிட்டாங்களே," என்று சலித்தபடி அடுத்த மேசைக்குப் போய்விட்டார். டெல்பர்ட் முழங்காலை நகர்த்தக்கூட இல்லை.

மிக்சர் விலைபோயிற்று. புகையும் என்று யாரும் சொல்லவில்லை.

"டெல், மிக்சர் போயிடுச்சு," என்றாள், கொஞ்சம் உரக்கவே.

"அப்படியா? நல்லதுங்க," என்றார் டெல்பர்ட்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்கும் அந்நியரிடம் பேசும் குரல் அது. லவெர்ன் அவர் கையைப் பிடித்தாள். வெயில் பட்ட பக்கம் நாற்காலியின் ரெக்சின் போலச் சுட்டது. நிழல் பக்கம் சில்லென்றிருந்தது. காப்பிக் கோப்பை விளிம்பு வரை அப்படியே இருந்தது, மேலே ஏடு கட்டி. அவள் டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. சட்டைத் துணியும் வரவில்லை, அதற்கடியில் இருந்த எதுவும் வரவில்லை.

"அதை எடுக்கக் கூடாதுங்க," என்றார் அவர், பொறுமையாக. "வாங்கினவங்க வருவாங்க."

லவெர்ன் ஓடிப்போய் கோலீனின் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு பக்கம் பிடி. உள்ள கூட்டிட்டுப் போயிடலாம்."

"வித்ததை எதுக்கு உள்ள கொண்டு போறே? அந்தம்மா வந்தா என்ன பதில் சொல்லுவே?"

"நான் டெல்லைச் சொல்றேன் கோலீன்!"

"நானும் அதைத்தான் சொல்றேன்," என்றாள் கோலீன். சிநேகிதியின் முகத்தில் கேலி ஒரு துளியும் இல்லை.

லவெர்ன் தனியாகவே முயன்றாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். நேற்றுவரை முழங்கால் வலிக்காக அவள் தாங்கிப் பிடித்த உடம்பு. அசையவில்லை. எங்கே நாற்காலி முடிந்தது, எங்கே அவர் ஆரம்பித்தார் என்று விரல்களுக்குப் பிடிபடவில்லை. அழுகை முட்டியது. அப்போதுதான் விற்பனைக்கு வழி காட்டும் அம்புக்குறி அட்டைகளின் நினைவு வந்தது.

தெருமுனைதோறும் விளக்குக் கம்பத்தில் அவள்தான் கட்டியிருந்தாள். அவை இல்லாவிட்டால் யாருக்கு வழி தெரியும்? காரை எடுத்தாள். தேவாலய முனையில் ஒன்று. பள்ளிக்கூடத்து முனையில் ஒன்று. பெட்ரோல் பங்க் அருகே ஒன்று. கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். எல்லாவற்றையும் பின் சீட்டில் திணித்தாள். நிம்மதி கொஞ்சம் வந்தது. கடவுளே, இது போதும், இது போதும்.

திரும்பி வந்தபோது வாசலில் ஒரு பெரிய மூடு வண்டி பின்பக்கமாக நின்றிருந்தது.

கூட்டம் கலைந்துவிட்டது. கோலீனும் இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் காலி மேசைகள். நிலவறை வாடை. கோட்டுக்காரப் பெண்மணி நாற்காலியருகே நின்றிருந்தாள்.

லவெர்ன் காசை நீட்டினாள். "வாங்கிக்கோங்க. தெரியாம சொல்லிட்டேன். தமாஷுக்குச் சொன்னேன். கெஞ்சிக் கேக்கறேன்."

அந்தப் பெண்மணி காசைப் பார்க்கவில்லை. பணம் வாங்கும் மேசையில் லவெர்ன் தன் கையாலேயே எழுதி வைத்த அட்டையைப் பார்த்தாள். 'விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படாது.'

"எல்லா வீட்லயும் அப்படித்தான் சொல்றாங்கம்மா," என்றாள். குரலில் கோபம் இல்லை. வண்டியின் கதவைத் திறந்தாள்.

உள்ளே நாற்காலிகள். வட்டமாக. ஆடும் நாற்காலி ஒன்று, சமையலறை நாற்காலி ஒன்று, சக்கர நாற்காலிகூட ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு வயசானவர். மடியில் போர்வை. மார்பில் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் வேறு வேறு பெண்களின் கையெழுத்து.

வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது.

"அந்தப் பக்கம் பிடிங்க."

கனமான சாமானை ஏற்ற, விற்றவர் ஒரு கை கொடுப்பதுதான் வழக்கம். லவெர்ன் முடியாது என்றாள். கத்திச் சொன்னாள். அவள் கைகள் போய் நாற்காலியைப் பிடித்தன. இப்போது கனமே இல்லை.

"டெல். நான் லவெர்ன். டெல்."

"ரொம்ப நன்றிங்க," என்றார் டெல்பர்ட்.

வண்டி கதவைச் சாத்தாமலே கிளம்பியது. சாலையின் முதல் மேட்டில் ஏறி இறங்கியபோது உள்ளிருந்த தலைகள் எல்லாம் சேர்ந்து ஒருமுறை ஆடின. டெல்பர்ட்டின் தலை சற்றுப் பிந்தி ஆடியது.

அடுத்த மேட்டில் அவர் தலையும் சேர்ந்தே ஆடியது.