மீள்மானி

ஜெர்மன் ஊரான லோராக்குக்குப் போகும் பாதையில் தடைக்கோல் எழும்பவில்லை. சுவிஸின் பாசல் எல்லையில் காவலர்களை எடுத்துவிட்டு மீள்மானியை வைத்த நாள் முதல், ஜெர்மனிக்குப் போவது வீட்டுக்கும் கொல்லைக்கும் போய்வருவது போலத்தான் இருந்தது. காருக்குள் இருப்பவர்களின் மூளையலைகளை மானி ஒரு நொடியில் படிக்கும். மாலைக்குள் வீடு திரும்பும் எண்ணம் எல்லோருக்கும் இருந்தால் கோல் எழும்பும்.

இன்று திரையில் ஒரே வரி: "ஒருவருக்குத் திரும்பும் எண்ணம் இல்லை." யார் என்று மானி சொல்லாது. ஒருவர் மனதை இன்னொருவருக்குக் காட்டிக்கொடுப்பது சட்டப்படி குற்றம்.

முன்னிருக்கையில் இருந்த பவளராணிக்குத் தெரியும். அது அவள்தான். நாளைக்குப் பதினைந்து பேர் விருந்துக்கு வருகிறார்கள் என்று கணவர் கருணைநாதன் இன்று காலையில்தான் சொன்னார். வழக்கம்போல அவளைக் கேட்கவில்லை. விருந்துக்கு மலிவு இறைச்சி வாங்கப் போகும்போது லோராக்கில் இறங்கித் தங்கையிடம் ரயிலேறிவிடுவது என்று வெங்காயம் உரிக்கும்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள்.

கருணைநாதன் பின்னிருக்கையைப் பார்த்தார். அங்கே மகள் மதுஷா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். எல்லை தாண்டித் தலைக்கு இவ்வளவு இறைச்சிதான் கொண்டுவரலாம் என்பதால், கணக்கில் ஒரு தலை கூட்ட அவளையும் எழுப்பி ஏற்றியிருந்தார்.

"ஆரவன்?"

"எவன்?"

"விளையாடாதை பிள்ளை. லோராக்கில ஆரட்டைப் போறாய்?"

"இறைச்சிக் கடைக்கு. நீங்கள்தானே இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்?"

"இறங்கு. நடந்து வீட்டை போ. இனி உந்தப் படிப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

மதுஷாவின் கண் கலங்கியது. திரும்பி வருவேன், திரும்பி வருவேன் என்று பவளராணி மனதுக்குள் தேவாரம் போல உருப்போட்டுப் பார்த்தாள். கோல் அசையவில்லை. வேண்டுமென்று நினைப்பதற்கெல்லாம் மானி மசியாது. மகள் கதவைத் திறக்குமுன் அவள் தானே இறங்கிவிட்டாள்.

கோல் உடனே எழும்பியது.

கருணைநாதனின் முகம் வெளிறிப்போனது. "நீயோ?"

"ஓம். பிள்ளையை ஏசாதேங்கோ. எனக்கு இனி ஏலாது."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"கேட்டனீங்களோ?"

பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது.

"போய் இறைச்சியை வாங்குங்கோ," என்றாள் பவளராணி. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

கார் ஒரு முழம்கூட நகரவில்லை, கோல் மறுபடி கீழே இறங்கியது. திரையில் பழைய வரியே வந்தது.

"சத்தியமா நானில்லை அப்பா," என்றாள் மதுஷா.

கருணைநாதன் எஞ்சினை நிறுத்தினார். பவளராணி இல்லாத வீட்டுக்குள் அவர் மனம் ஒருமுறை போய் வந்திருக்க வேண்டும்.

கலியாணமாகி இத்தனை வருஷத்தில் இருவருக்கும் மனம் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். அந்த வீட்டுக்கு இனித் திரும்புவதில்லை என்பதில்.