திருப்பாம விட்ட கிரகம்

மெரினோட கிரகத்துல ஒரு வருஷம்னா பதினெட்டே மணி நேரம். நேத்து பொறந்தநாள் கேக் வெட்டினவங்க இன்னிக்கும் வெட்டலாம்.

பேரு கங்கு. ரொம்ப தூரத்துல ஒரு நட்சத்திரத்தை ஒட்டி ஒட்டிச் சுத்துது. ஒரே முகத்தைத்தான் அதுக்குக் காட்டும். அந்தப் பக்கம் பாறையே கூழாக் கொதிக்கும். பின்பக்கம் எப்பவும் இருட்டு.

எல்லாம் அவளே கற்பனை பண்ணினது. ஏழாங்கிளாசுல ஆளுக்கொரு கிரகம் செஞ்சு, எல்லார் முன்னாடியும் விளக்கணும்னு கலைமகள் டீச்சர் சொல்லியிருந்தாங்க. ஜெயிக்கிறவங்க சனிக்கிழமை காலாப்பட்டு கண்காட்சிக்குப் போகலாம். அங்க டெலஸ்கோப் வழியா நிஜ நட்சத்திரம் காட்டுவாங்களாம். மெரினுக்கு அதைப் பார்த்தே ஆகணும்.

ஒரு தெர்மாகோல் உருண்டைக்கு, வீட்டு கேட்டுக்கு அடிச்சு மீந்த சிவப்பு பெயின்ட்டைப் பூசிட்டுத் தூங்கினா. கிரகத்தைக் காட்ட வேண்டிய அன்னிக்குக் காலையில பார்த்தா, பெயின்ட் தெர்மாகோலைத் தின்னுடுச்சி. கிரகம் அழுகின தக்காளி மாதிரி குழிஞ்சி கிடந்துச்சி.

பெரிய மார்க்கெட் பின்னாடி ஒரு பேக்கரியில விறகு அடுப்புல ரொட்டி சுடறவரு அவ அப்பா சகாயநாதன். நேரா அங்க ஓடினா. வயித்துவலின்னு லீவ் லெட்டர் எழுதித் தரச் சொல்லி நின்னா.

அப்பாவுக்கு அவசரம். ரொட்டி வாங்க ஆளுங்க காத்திருந்தாங்க. அடுப்புக்குள்ள இருக்கிற கடைசி உருண்டை ரொட்டியைத் திருப்பி விடச் சொல்லிட்டு வெளிய போனாரு. அடுப்புல நெருப்பு ஒரு மூலையிலதான் இருக்கும். நீளமான மரத்துடுப்பால ரொட்டியைத் திருப்பிக்கிட்டே இருக்கணும். மெரினுக்கும் அது தெரியும். ஆனா வயித்துவலி எப்பிடி நடிக்கிறதுன்னு யோசிச்சதுல மறந்துட்டா.

கருகல் வாசனை வந்ததும் அப்பா ஓடி வந்து ரொட்டியை வெளிய இழுத்தாரு. ஒரு பக்கம் கரி. மறுபக்கம் பச்சை மாவு.

"திருப்பாம விட்டா இப்பிடித்தான்டி. ஒரே மூஞ்சி நெருப்பைப் பார்த்துக்கிட்டிருந்தா அது கருகும், இது வேகாது. இதை யாருக்கு விக்கிறது?"

மெரின் அந்த ரொட்டியையே உத்துப் பார்த்தா.

"எனக்குக் குடுப்பா."

"திங்கவா?"

"ஸ்கூலுக்கு."

"அப்போ லெட்டரு?"

"வேணாம்பா. வயித்துவலி போயிடுச்சி."

ஸ்கூல்ல, கூடப் படிக்கிற விக்ரமோட கிரகம் லைட் எரிஞ்சு சுத்திக்கிட்டிருந்துச்சி. மெரின் ரொட்டியோட மேடை ஏறினதும் அவன் கத்தினான். "கிரகம் கேட்டா பன்னு கொண்டாந்திருக்கா. டீ எங்க?"

எல்லாரும் சிரிச்சாங்க. மெரின் ரொட்டியை எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிப் பிடிச்சா.

"அங்க டீ கிடைக்காது," அப்படின்னா. "ஊத்தறதுக்குள்ள ஆவியாயிடும்."

இப்போ சிரிப்பு அவ பக்கம் வந்துச்சி. திருப்பாம விட்ட ரொட்டியோட கதையைச் சொல்லி, கங்கும் இப்பிடித்தான்னு விளக்கினா. மார்க் போட வந்திருந்த ஜோசப் ஆனந்த் சார் கையைத் தூக்கினாரு.

"அங்க மனுஷங்க எங்கம்மா இருக்க முடியும்?"

அதை அவ யோசிச்சதே இல்ல. ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. கரிக்கும் மாவுக்கும் நடுவுல, சுத்தி வர பொன்னிறமா ஒரு கோடு.

"இங்க சார். கருகவும் இல்ல, பச்சையும் இல்ல. இந்தக் கோட்டுல எப்பவும் சாயங்காலமாவே இருக்கும்."

சார் பேனாவைக் கீழ வெச்சிட்டுக் கை தட்டினாரு. அப்புறம் ஸ்கூலே தட்டுச்சி. காலாப்பட்டுக்குப் போறது கங்குதான்னு டீச்சர் மைக்குல சொன்னாங்க.

விக்ரம் மெல்ல பக்கத்துல வந்தான். காலையிலேருந்து ஒயர் மாட்டிக்கிட்டு, சாப்பிடவே இல்லையாம். மெரின் பொன்னிறக் கோட்டுல பாதியைப் பிச்சு அவன் கையில வெச்சா.

"உன் கிரகத்துல உப்பு சரியா இருக்கு," அப்படின்னான் அவன், வாய் நிறைய மென்னுக்கிட்டே.

சாயங்காலம் மெரின் பேக்கரி வாசல்ல மூச்சு வாங்க வந்து நின்னா.

"அப்பா, சனிக்கிழமை இன்னொரு ரொட்டி வேணும். மறந்தும் திருப்பிடாத."