வெந்நீர் ஊற்றில் பேச்சுத் துணை

மோசஸ் தொட்டியில் காலை வைப்பதற்கு முன்பே தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்து அவன் பாதத்தை நனைத்தது. வேறு யாரோ அப்போதுதான் இறங்கி உட்கார்ந்த மாதிரி. ஆவி மண்டிக் கிடந்ததில் எதிர்க்கரை தெரியவில்லை. பூமிக்குள்ளிருந்து வருகிற வெந்நீர், குமிழி ஏதாவது கிளம்பியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கழுத்துவரை இறங்கினான்.

தொண்ணூற்றொன்பதாம் வருட தேங்க்ஸ்கிவிங் லீவு அது. அவன் வேலை பார்த்த ரவுண்ட் ராக்கில் அவனோடு அபார்ட்மென்ட்டில் இருந்தவர்கள் எல்லோரும் நியூ ஜெர்சிக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டார்கள். காலி வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்துக் கிடக்க முடியாமல், முதுகுவலியைச் சாக்கு வைத்து, மேற்கு டெக்சஸ் பாலைவனத்துக்குக் காரை விட்டான். ஒரு கேஸ் ஸ்டேஷன், ஒரு மோட்டல், இந்த ஊற்று. இதை ஊர் என்று சொன்னால் ஊருக்கே சிரிப்பு வரும். தெருவில் நாய்கூட இல்லை.

குளியல் கொட்டகையின் வாசலில் தண்ணீருக்குள் பேசக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தது. சாவி கொடுத்த மோட்டல்காரியும் அதையே ஒருமுறை சொன்னாள். இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு ரூல். பேசுவதற்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மலைகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கந்தக வாடை மூக்கில் ஏறியது. தகரக் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழும், அதன்பிறகு வெகுநேரம் ஒன்றுமே விழாது, அடுத்த சொட்டு விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர அங்கே செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

"தம்பிக்கு எந்த ஊரு?"

ஆவிக்குள்ளிருந்து ஒரு வயதான குரல். தமிழ், அதுவும் திருநெல்வேலித் தமிழ். பயம் வந்திருக்க வேண்டும். அவனுக்கு வந்தது சந்தோஷம்.

"பாளையங்கோட்டை, அங்கிள்."

"பாளையங்கோட்டையில எங்கன?"

நம் ஆட்கள் இரண்டு பேர் அந்நிய மண்ணில் சந்தித்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. எந்தத் தெரு, எந்தச் சர்ச், யார் மகன். மோசஸ் அத்தனையும் ஒப்பித்தான். சர்ச்சுக்குப் பின்னால் பச்சை கேட் போட்ட வீடு. மனைவி ஜெயலீலா. கைக்குழந்தை பிரீத்தா. அவள் பிறப்பதற்கு முன்பே அவன் இங்கே வந்துவிட்டான். இதுவரை போட்டோவும் போனில் கேட்கும் சிரிப்பும்தான். விசா கிடைத்துவிட்டது, கிறிஸ்துமசுக்கு இரண்டு பேரும் வந்துவிடுவார்கள்.

"பிள்ளைய இன்னும் கையில தூக்கலையோ," என்றது குரல். "நானும் தூக்கி ரொம்ப நாளாச்சு."

மோசஸுக்குக் கண் கலங்கியது. "ஊருக்குப் போனா கண்டிப்பா நம்ம வீட்டுக்குப் போங்க அங்கிள். லீலா மீன் குழம்பு சூப்பரா வைப்பா. நான் வரச் சொன்னேன்னு சொல்லுங்க, போதும்."

யாரைப் பார்த்தாலும் சொல்லுகிற உபசார வார்த்தைதான்.

"கூப்பிட்டுட்டேல்லா," என்றது குரல். "அது போதும்."

தண்ணீர் சட்டென்று தாழ்ந்தது. நனைந்த தோளில் காற்று பட்டது. ஆவி விலகியபோது எதிர்ப்பக்கம் வெறும் பாறைச் சுவர். ஏற வழியில்லை. ஏறிய ஈரமும் இல்லை.

துண்டைச் சுற்றிக்கொண்டு மோட்டல் அறைக்கு ஓடினான். போனில் காலிங் கார்டின் எண்களைத் தப்பும் தவறுமாக அழுத்தினான். ஊரில் இப்போது விடிந்திருக்கும்.

"என்னங்க, இப்பதான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம்," என்றாள் ஜெயலீலா.

"யாரோட?"

"அங்கிள் ஒருத்தர் வந்திருக்காவ. காலை ரயில்ல இறங்கினாவளாம். மழையே இல்ல, தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. நீங்கதான் வரச் சொன்னீங்களாமே."

"லீலா, அவர உடனே வெளிய அனுப்பு. பாப்பா எங்க?"

"பெரியவங்கள எப்படிங்க போகச் சொல்லுதது? பாப்பாவ நான் குளிப்பாட்டுதேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாவ. வெந்நி வச்சுக் குடுத்தேன். வேண்டாம்னுட்டு பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டாவ."

"கதவத் தட்டு. தட்டு லீலா."

கார்டின் பெண்குரல் குறுக்கிட்டு, இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்றது. அதற்குப் பின்னால் தூரத்தில் கதவு தட்டும் சத்தம். மரியாதையாக. பிறகு வேகமாக. "அங்கிள், கதவத் திறங்க. அங்கிள்."

லைன் அறுந்தது.

மறுபடி அழுத்தினான். கார்டில் பணம் இல்லை.

அப்போது சிரிப்பு கேட்டது. பிரீத்தாவின் சிரிப்பு. வாரா வாரம் போனில் கேட்கிற அதே சிரிப்பு. ஆனால் இரைச்சல் இல்லை. தாமதம் இல்லை. பக்கத்தில். இந்த அறையின் பாத்ரூமுக்குள்.

கதவுக்கு அடியில் ஆவி கசிந்தது. கைப்பிடி சுட்டது. உள்ளே பூட்டியிருந்தது.

"அங்கிள்," என்றான் மோசஸ். "பிள்ளையத் தாங்க அங்கிள்."

உள்ளே யாரோ மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. ஊற்றுவது நிற்கவில்லை.