வீட்டிலிருந்து வந்த அபய அழைப்பு

காலை ஒன்பதே முக்காலுக்கு ஆளில்லா மீட்பூர்தி பெனிட்டாவின் மொட்டைமாடியில் வந்து இறங்கியது. காயப்போட்டிருந்த துணியெல்லாம் அதன் காற்றில் பறந்தது. அதைத் திட்டிக்கொண்டே மாடியேறியவளிடம் அது ஒரு மிதவை வளையத்தை நீட்டியது.

"கடலில் தத்தளிப்பவர் கிளாட்வின், வயது நாற்பத்தொன்று. நாடி எழுபத்தெட்டு. இருப்பிடம், இந்த வீடு. அவரிடம் அழைத்துச் செல்லுங்கள்."

கிளாட்வின் அவள் புருஷன். விடியுமுன்னே தனியாகக் கடலுக்குப் போயிருந்தான்.

அன்று அவன் போயிருக்கவே கூடாது. படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல், மீதி நாலு நாள் கரையில் கிடக்க வேண்டும் என்பது மீன்வளக் கண்காணிப்பின் சட்டம். படகிலுள்ள இணையத் திசைவி தன் இருப்பிடத்தை ஓயாமல் கண்காணிப்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்று நாள் மீனில் எந்த வீட்டில் உலை கொதிக்கும்? ஆகவே தெரு மொத்தமும் உள்வழி போட்டிருந்தது. படகுத் திசைவி பேசுவதெல்லாம் பூட்டிய பாதையில் நேரே வீட்டுத் திசைவிக்கு வந்து, அங்கிருந்து வெளியே போகும். பார்ப்பவனுக்குப் படகு வீட்டு வாசலிலேயே நிற்பதாகத் தெரியும்.

பழைய உள்வழி கொஞ்சம் ஒழுகும். இணைப்பு அறுந்தால் படகின் உண்மையான இடம் ஒரு நொடி வெளியே தெரிந்துவிடும். போன வருஷம் அப்படித்தான் மாட்டிக்கொண்டு, படகுக்குத் தடை விழுந்து, கிளாட்வின் மூன்று மாதம் வீட்டில் கிடந்தான். அதனால் முந்தாநாள் திசைவிக்குப் புதுப்பிப்பு வந்து, அதில் கசிவடைப்பு என்றொரு வசதியைக் கண்டதும் பெனிட்டா முந்திக்கொண்டாள். 'இனி எந்தச் செய்தியும் உள்வழிக்கு வெளியே செல்லாது. சம்மதமா?' என்று கேட்டது அது.

"எதுக்கும் டெல்பின்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோளா," என்றான் கிளாட்வின். டெல்பின் அவன் தம்பி, தெருவுக்கே திசைவி பார்ப்பவன்.

"கேக்க என்ன இருக்கு? இன்னொரு மூணு மாசம் உங்க மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால ஆவாது," என்று சம்மதத்தை அழுத்தினாள். அவள் அப்பாவும் அண்ணனும் கடலோடு போனவர்கள், உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவன் கிளம்பும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்: "நீங்க என்னைக்கானாலும் வீட்டுலதான் சாவணும்." அவனும் சிரித்துக்கொண்டே, "உன் அடுக்களையிலயே சாவுறேன், போதுமா?" என்பான்.

இப்போது டெல்பின் ஓடிவந்து அந்த அடுக்களையிலிருந்த திசைவியைப் பார்த்தான். பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கிளாட்வினின் கைப்பட்டை அனுப்பும் நாடித்துடிப்பு அது.

"படகு கவுந்திருக்கு மதினி. அபய அழைப்பும் நம்ம வீட்டு வழியாத்தான் வெளிய போயிருக்கு."

"அப்ப இத அணைச்சிரு தம்பி."

"அணைச்சா படகுத் திசைவி வாயே தொறக்காது. கசிவடைப்புன்னா அதுதான். இப்ப உசுரோட இருக்காருன்னாவது தெரியுது."

"கசிவடைப்ப எடுத்துவிடு."

"போடுறதுக்கு ஒரு ஆள் போதும். எடுக்கணும்னா படகுல இருந்து அண்ணனும் சம்மதிக்கணும். அதிகாரிங்க வீட்டுக்கு வந்து மிரட்டி எடுக்கக் கூடாதுன்னு செஞ்சவன் அப்படி வச்சிருக்கான்."

அவள் மீட்பூர்தியிடம் ஓடினாள். அவர் கடலில்தான் இருக்கிறார், சட்டத்தை மீறித்தான் போனார், படகைப் பறித்துக்கொள்ளுங்கள், ஆளை மட்டும் தூக்கி வாருங்கள் என்று அழுதாள்.

"கடலில் எந்த இடம்?"

அவளுக்குத் தெரியவில்லை. மீன் படும் இடத்தை அந்தத் தெருவில் எவனும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டான்.

"இடம் தெரியாத நிலையில் சமிக்ஞையே ஏற்கப்படும்," என்று சொல்லிவிட்டு மீட்பூர்தி இறங்கி வந்து கட்டிலுக்கு அடியில் விளக்கடித்துத் தேடியது.

டெல்பின் பதினோரு படகுகளைத் திரட்டிக்கொண்டு போனான். அவர்களுக்கும் அன்று ஓய்வு நாள்தான், அவர்களும் உள்வழியிலேயே போனார்கள். கண்காணிப்பின் திரையில் கடல் வெறிச்சோடிக் கிடந்தது.

பெனிட்டா திசைவியின் முன் உட்கார்ந்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. மீட்பூர்தி அவளருகே நின்று, அறுபத்தொன்று என்றது. நாற்பத்தெட்டு என்றது. "இருங்க, டெல்பின் வாறான், கொஞ்சம் இருங்க," என்று அவள் திசைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி வாக்கில் பச்சை விளக்கு நின்றுவிட்டது.

மீட்பூர்தி அனுதாபம் தெரிவித்தது. இறப்புச் சான்றிதழை அவள் கைபேசிக்கு அனுப்பிவிட்டு மாடி வழியே பறந்துபோனது.

சாயங்காலம் டெல்பின் வெறுங்கையோடு திரும்பி வந்தான். அவள் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. கைபேசியை அவனிடம் நீட்டினாள்.

"எங்கன்னு போட்டிருக்கு தம்பி?"

அவன் படித்தான்.

"வீடுன்னுதான் போட்டிருக்கு மதினி. அடுக்களை. பக்கத்துல இருந்தவங்க மனைவின்னு போட்டிருக்கு."