துளையில்லாத டேப்லெட்டில் தொலைந்த குரல்

வீடியோக்காரர் அந்த டேப்லெட்டை ஒரு துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். கண்ணாடி உடைந்திருக்கும், காலையிலேயே நல்ல வேலை வந்துவிட்டது என்று கடைக்காரர் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். துண்டை விலக்கினால் ஒரு கீறல்கூட இல்லை.

"இதுல என் பொண்டாட்டி குரல் இருந்துச்சு. அழிஞ்சு போச்சு," என்றார் வீடியோக்காரர். "யார் அழிச்சதுன்னு எனக்குத் தெரியும். சார் அதை நிரூபிச்சுக் குடுக்கணும்."

சார் என்றது கடைக்காரரை அல்ல. மூலை நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா கணவரை. ஊரே அவரை நிதானம் என்றுதான் கூப்பிடும். காப்பீட்டுக் கம்பெனியில் நஷ்ட விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கிடங்கைச் சுற்றி வந்தே யார் வைத்த தீ என்று சொல்லிவிடுவார். சொல்லி முடிப்பதற்குள் கேட்பவனுக்கு உயிர் போய் உயிர் வரும். கடைக்காரர் அதற்கு நேரெதிர். வாயைத் திறந்தால் தீர்ப்புதான். மாமாவுக்கு ஒரு வழக்கு வந்தால் கடையைப் பூட்டிவிட்டு அவர் பின்னால் ஓடுவார், வீட்டில் அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

வீடியோக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து சொன்னார். அவருக்கு ஒரே மகள், எட்டு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை மங்கல். புத்தக எழுத்து அவளுக்குப் பிடிபடாது. அம்மா படிக்க, மகள் கேட்க, அப்படித்தான் படிப்பு ஓடியது. அம்மாவுக்கு நோய் முற்றி, இனி நாளில்லை என்று தெரிந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடியே அடுத்த வகுப்புப் புத்தகங்கள் முழுவதையும் தன் போனில் படித்துப் பதிவு செய்தாள். கணக்கு, அறிவியல், வரைபடம் எதையும் விடவில்லை. மூச்சு வாங்கினால் நிறுத்துவாள், மகளை நடுநடுவே அதட்டுவாள், மறுபடியும் தொடர்வாள். அதையெல்லாம் மகள் கேட்பதற்கென்றே இந்த டேப்லெட்டை வாங்கினார்கள். தாய் இறந்த பிறகு பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாளாம்.

முதல் பருவப் பாடங்கள் ஒழுங்காக ஓடின. அடுத்த பருவம் தொடங்கியதும் பெயர் மட்டும் தெரிந்தது; தட்டினால் ஓடவில்லை. நெட் இல்லாததுதான் காரணம் என்று இறந்தவளின் தங்கை, அவருடைய கொழுந்தியாள், சொன்னாள். வீட்டு நெட் இணைப்பு இறந்தவள் பெயரில் இருந்தது, அவள் போனதும் அதுவும் நின்றுவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியாள் தன் போனிலிருந்து டேப்லெட்டுக்கு நெட் கொடுத்தாள். அவ்வளவுதான். எல்லோர் கண்முன்னாலும் பாடங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்து, திரை வெறுமையாகிவிட்டது. ஓடிக்கொண்டிருந்த முதல் பருவமும் மிஞ்சவில்லை.

"அவ கையில இருக்கற போன், என் பொண்டாட்டியோட போன்தான். அவ போன் கெட்டுப் போச்சுன்னு நான்தான் குடுத்தேன். அதுல தேடினா அங்கயும் ஒண்ணுமில்ல. நீதான் அழிச்சியான்னு கேட்டேன். போனைப் பாத்தா, என்னைப் பாத்தா. 'நான்தான்னு வெச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டா."

பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டாளாம், இவர் முடியாது என்று சண்டை போட்டாராம். அந்த வஞ்சம் என்பது இவர் கணக்கு. வாசல் மிதிக்காதே என்று அனுப்பிவிட்டார். அவளும் இத்தனை நாள் பிள்ளைக்காகத் தட்டிக்கழித்த ஆபீஸ் மாற்றலுக்குச் சரி சொல்லிவிட்டாள். சனிக்கிழமை வெகுதூரத்துக் கிளைக்குக் கிளம்புகிறாள். மகள் சித்தி எங்கே என்று கேட்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் கிடக்கிறாள்.

"போறவ போகட்டும் சார். ஆனா என் பிள்ளை கேக்கறப்ப, உன் சித்தி இதைத்தான் பண்ணினான்னு ஆதாரத்தோட சொல்லணும்."

நிதானம் டேப்லெட்டைக் கையில் வாங்கி நான்கு ஓரத்தையும் விரலால் தடவினார். எங்கும் ஒரு துளை இல்லை. கடைக்காரர் சும்மா இருப்பாரா? ஒயர் சொருக வேண்டாம், கார்டு போட வேண்டாம், ஒரு தட்டில் வைத்தால் தானே சார்ஜ் ஆகும், இனிமேல் லேப்டாப்பெல்லாம் பழைய இரும்புக் கடைக்குத்தான் என்று ஆரம்பித்துவிட்டார். இந்த வாக்குவாதம் இருவருக்கும் ஒரு மாதமாக நடக்கிறது. உள்ளே இடமும் இல்லை, வெளியே எடுக்க வழியும் இல்லை, இது எப்படிப் போட்டி போடும் என்பது நிதானத்தின் கட்சி.

"போட்டி கிடக்கட்டும் மாப்ளே. இந்த மாடல்ல எவ்வளவு பிடிக்கும்?"

இருப்பதிலேயே சின்னது, விலைக்கு ஏற்றது என்றார் கடைக்காரர். அதனால் என்ன, மீதியெல்லாம் மேலே கிளவுட்டில் இருக்கும் என்று கையைக் கூரைக்குக் காட்டினார். நிதானமும் ஒரு தடவை கூரையைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை இருவரும் வீடியோக்காரர் வீட்டுக்குப் போனார்கள். முன்னறைதான் அவருடைய வேலையிடம். மேசையில் இரண்டு திரை, ஹார்டு டிஸ்குகள், மெமரி கார்டுகள் அடுக்கிய தட்டையான டப்பா. முந்தின நாள் யாருடைய கல்யாணத்தையோ படம் பிடித்துவிட்டு வந்திருந்தார். மனசு சரியில்லை என்று கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்ல முடியுமா? கண் வீங்கியிருந்தது, கை வேலையைச் செய்தது. உள்ளறைக் கதவோரம் மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் வந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

இந்தப் பதிவுகளுக்கு ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்திருக்கலாமே என்று நிதானம் கேட்டார். "எங்க சார் எடுக்கறது? அதுல கார்டு போட வாயில்ல, ஒயர் போட வழியில்ல. உள்ள இருக்கறது உள்ளேயே இருக்கும், இதைவிடப் பத்திரம் வேணுமான்னு உங்க மச்சினன்தான் சொன்னார்," என்றார். கடைக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

பேசிக்கொண்டே வீடியோக்காரர் ஒரு கார்டைச் சொருகினார். அதிலிருந்ததைக் கம்ப்யூட்டரில் இறக்கினார். இரண்டு பட்டியலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழ் வரை கண்ணை ஓட்டினார். இறக்கியதில் ஒன்றைத் தட்டி, ஓடுகிறதா என்று பார்த்தார். உடனே கார்டிலிருந்ததை முழுக்க அழித்தார். கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, காலிக் கார்டை டப்பாவில் கவிழ்த்து வைத்தார். அடுத்ததை எடுத்தார். இத்தனையும் நடந்தபோது அவர் பேச்சு ஓரிடத்திலும் நிற்கவில்லை.

நிதானம் வெளியே வந்து தெருமுனை வரை தரையைப் பார்த்தபடி நடந்தார். முகம் கறுத்திருந்தது. கடைக்காரருக்கோ வாய் ஓயவில்லை. கொழுந்தியாள்தான், சந்தேகமே இல்லை. ஒருவேளை அவளுக்குக் கூட்டாளி யாராவது இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து உள்ளே புகுந்து அழிக்கிறவர்கள்கூட உண்டு என்று அடுக்கினார். மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைத் திருட வெளிநாட்டிலிருந்து வருவானா என்று நிதானம் கேட்டார்.

கொழுந்தியாள் வீட்டில் பெட்டிகள் கட்டி வைத்திருந்தன. வாருங்கள் என்றாள், டீ கொடுத்தாள், குற்றச்சாட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டேன் என்றாள். நிதானம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் போன் கைக்கு வந்தபோது அதில் என்னென்ன இருந்தது?

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமில்ல சார். போட்டோகூட இல்ல. துடைச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. அக்காவோட பேர் மட்டும் அக்கவுண்ட்ல இருந்துச்சு, நானும் அதை மாத்தலை." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். இதோட விட்டுடுங்க. நான் போயிடறேன்."

படியிறங்கும்போது கடைக்காரர், பார்த்தீர்களா, ஒத்துக்கொண்ட மாதிரிதானே என்றார். நிதானம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"மாப்ளே, நான் பாத்த விசாரணையிலேயே இதுதான் மோசமானது," என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை அதே முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். கொழுந்தியாள் வரமாட்டேன் என்றவள். பிள்ளையை ஒரு தடவை பார்க்கலாம் என்று சொல்லி நிதானம் அழைத்து வந்திருந்தார். வீடியோக்காரர் அவள் இருந்த பக்கமே திரும்பவில்லை.

"இவங்க எதையும் அழிக்கலை," என்றார் நிதானம். "ஞாயித்துக்கிழமை எதுவுமே அழியலை. அது எப்பவோ அழிஞ்சு போச்சு. நெட் வந்ததும் அந்தச் சேதி இந்த டேப்லெட்டுக்கு வந்து சேந்துச்சு, அவ்வளவுதான்."

அவர் தன் வழக்கப்படி ஒவ்வொரு படியாக வைத்தார். இந்த டேப்லெட்டில் இடம் குறைவு. ஒரு வருடப் பாடம் இதில் பிடிக்காது. அது தெரிந்துதான் பாடம் படித்த அம்மா முதல் பருவத்தை மட்டும் இதற்குள் இறக்கி வைத்தாள். மீதிக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் பெயர். பாடம் கிளவுட்டில், அதாவது எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருந்தது. போனில் தெரிந்ததும் இதில் தெரிந்ததும் இரண்டு பிரதி அல்ல. ஒரே பொருளை இரண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தது. ஒரு பக்கம் கை வைத்து எடுத்தால் இரண்டு பக்கமும் போய்விடும்.

"போன் இவங்க கைக்கு வந்தப்பவே காலி. அதுக்கு முன்னாடி அதைச் சுத்தம் பண்ணினது யாருங்க?"

கொழுந்தியாள் எழுந்தாள். "சார், வேண்டாம்."

"நான்தான்," என்றார் வீடியோக்காரர். "போன் ரொம்பி வழிஞ்சுது. குடுக்கறதுக்கு முன்னாடி காலி பண்ணினேன். ஆனா டேப்லெட்ல எல்லாம் இருந்துச்சே சார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். ஒரு பாடத்தைப் போட்டுக்கூடப் பாத்தேன், ஓடுச்சு. அழிச்சப்புறம் மறுபடியும் பாத்தேன். எல்லாம் இருந்துச்சு."

"இருந்துச்சு. உங்க வீட்டுல அப்ப நெட் இல்ல. போன்ல சிம் நெட் இருந்துச்சு, அதனால கிளவுட்ல அழிஞ்சுது; டேப்லெட்டுக்கு மட்டும் அந்தச் சேதி வரலை."

வீடியோக்காரர் மேசையிலிருந்த கார்டு டப்பாவைப் பார்த்தார். போட்டுப் பார்த்த பாடம் முதல் பருவத்துப் பாடம் என்பது அவருக்கே அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இனி மீட்க முடியுமா என்று கேட்டார். அழித்தது ஒரு மாதம் கிளவுட்டின் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அந்த மாதம் கடந்து எவ்வளவோ நாளாயிற்று, கம்பெனியிலும் கேட்டுப் பார்த்துவிட்டேன் என்றார் நிதானம்.

"எத்தனை ஆயிரம் கார்டு அழிச்சிருக்கேன். எவன் கல்யாணமும் என் கையால தொலைஞ்சதில்ல. இது மட்டும் ஏன் சார்?"

நிதானம் ஏதும் சொல்வதற்குள் கடைக்காரருடைய பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டது. "முதல்ல போன்ல இருந்து அவங்க அக்கவுண்ட்டை எடுத்திருந்தீங்கன்னா, போன் மட்டும்தான் காலியாகியிருக்கும்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவ பேரு அது," என்றார் வீடியோக்காரர். "அதை எப்படிங்க நான் எடுப்பேன்?"

அதற்குமேல் அவரால் முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டு அழுதார். கடைக்காரரும் அழுதார். விற்கும்போது பத்து நிமிடம் பேசினேன், பொருள் இதற்குள் இல்லை என்ற ஒன்றை மட்டும் சொல்லவில்லையே என்று சுவரைப் பார்த்துப் புலம்பினார். அன்றிலிருந்து அவர் டேப்லெட் விற்பதற்கு முன் வாங்குகிறவரை உட்காரவைத்து அதைத்தான் முதலில் சொல்கிறார். பாதிப் பேர் லேப்டாப்பே போதும் என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

கொழுந்தியாளுக்கு மட்டும் கோபம். "ஏன் சார் சொன்னீங்க? எனக்கு அன்னிக்கே புரிஞ்சு போச்சு. இவர் தாங்க மாட்டார்னுதானே பழியை நான் எடுத்துக்கிட்டேன்."

"புரியுதும்மா. குரல் போனதுக்கு யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் நிதானம். "ஆனா அந்தப் பிள்ளை உங்களையும் இழக்கணுமா? அதை நிறுத்த எனக்கு வேற வழி தெரியலை."

வீடியோக்காரர் தலை தூக்கினார். கொழுந்தியாளின் பக்கம் திரும்பினார். கையைக் கூப்பினார். அவள் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கி, "விடுங்க அத்தான், நான் எங்கயும் போகலை," என்றாள்.

உள்ளறைக் கதவைப் பிடித்தபடி மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை. வீடியோக்காரர் அவள் முன்னால் போய் மண்டியிட்டார்.

"அம்மா படிச்சதெல்லாம் அப்பாதான்டா அழிச்சேன். தெரியாம அழிச்சுட்டேன். சித்தி ஒண்ணும் பண்ணலை."

பிள்ளை அழவில்லை. அப்பாவின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள், ஈரத்தைத் தன் சட்டையில் துடைத்தாள். பிறகு அலமாரிப் பக்கம் போய், அடுத்த பாடம் இருந்த புத்தகத்தைத் தடவி எடுத்து வந்து சித்தியின் மடியில் வைத்தாள்.

சித்தி படிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரி போவதற்குள் குரல் மாறியது. அக்கா இழுக்கும் இடத்தில் இழுத்தாள், அக்கா நிறுத்தும் இடத்தில் நிறுத்தினாள். உடன்பிறந்தவள் அல்லவா, அப்படியே வந்தது. வீடியோக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிள்ளை சித்தியின் வாயைப் பொத்தினாள்.

"அம்மா மாதிரி படிக்காத சித்தி. நீ படிக்கிற மாதிரியே படி. இல்லன்னா அம்மா எப்படிப் படிச்சாங்கன்னு எனக்கு மறந்துடும்."

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, பாடத்தை முதல் வரியிலிருந்து படித்தாள்.